கருப்பு வேட்டி கட்டிய தியேட்டர்

ஓய்வு பெற்ற பிறகு என்னோடு சினிமாவுக்கு வர யாரும் சம்மதிப்பதில்லை. கடைசியாக அழைத்துப்போன என் மகள் இடைவேளையிலேயே சொல்லிவிட்டாள்: "அம்மா, நீ படம் பாக்க வரல, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வர்ற. எனக்கு மானம் போகுது." அவள் சொன்னது நியாயம்தான். திரையின் ஒரு மூலை மங்கலாக இருந்தால் எனக்குக் கதை மண்டையில் ஏறாது. படிக்கட்டு விளக்கு கண்ணில் அடித்தால் கால் தானாக எழுந்துகொள்ளும். மேனேஜரைத் தேடிப் போய்ச் சொல்வேன். அவர் "பாத்துக்கறோம் மேடம்" என்பார். பார்க்க மாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். திரும்பி வந்து உட்கார்வதற்குள் கதாநாயகன் ஜெயிலுக்குப் போயிருப்பான்.

போன வாரம் சேகர் போன் செய்தார். நான் வேலை பார்த்த தி.நகர் மல்டிபிளெக்ஸில் அவர் அன்றும் படம் ஓட்டும் ஆபரேட்டர், இன்றும் ஆபரேட்டர். சைதாப்பேட்டைக்காரர். எந்தச் செய்தியையும் நடுவிலிருந்துதான் ஆரம்பிப்பார்.

"மேடம், மறுபடியும் இடிக்கப் போறானுங்கோ. லேசர் மிஷின் வர்தாம், சீட்டெல்லாம் புதுசாம். பழைய ஆளுங்கோ ஆளுக்கு நாலு வார்த்த எய்தி குடுங்கன்னு ஆபீஸ்ல கேக்கறாங்கோ. நீங்க அந்த வேட்டி மேட்டர எய்துங்க. செம காமெடியாக் கீதும்."

எழுதுகிறேன். ஆனால் சேகர் நினைப்பதுபோல அது காமெடி இல்லை. 

நான் இயற்பியல் படித்தவள். படிப்புக்கும் வேலைக்கும் சம்பந்தமில்லாமல் சில வருடம் டிக்கெட் கவுன்டரில் காலம் தள்ளினேன். ஒரே நாற்காலியில் உட்காரும் உடம்பு எனக்கு வாய்க்கவில்லை. கூட்டம் குறைந்த நேரத்தில் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஹாலுக்குள் நுழைந்து பார்ப்பேன். ஒருநாள் தொழில்நுட்ப மேலாளரிடம் போய், "ஒரு ஹால்ல படம் ஒரு பக்கமாச் சாயுது சார்" என்றேன். கவுன்டர்ப் பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. கூடவே வந்து பார்த்தார். படம் சாய்ந்துதான் இருந்தது. கொஞ்ச நாளில் என்னைத் தன் பிரிவுக்கு எடுத்துக்கொண்டார். மற்றதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்தது.

அவர் பெயர் ராயப்பன். சாந்தோம்காரர். அவர் குடும்பத்தில் அப்பா, அத்தை, அக்கா எல்லாரும் வாத்தியார்கள். இவர் ஒருத்தர்தான் தப்பித்து சினிமாவுக்கு ஓடி வந்தவர். ஆனாலும் வாத்தியார் களை முகத்தை விட்டுப் போகவில்லை. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. 'மோசம்', 'தப்பு' என்ற சொற்களே அவரிடம் கிடையாது. எதுவாவது சரியில்லை என்றால், "இன்னொரு தடவை பாத்துடலாமா, விமலா?" என்பார்.  அவர் அப்படிச் சொன்னால் அன்றைக்கு மதியச் சாப்பாடு சாயங்காலம்தான்.

காலையில் முதல் காட்சிக்கு முன்பு ஒவ்வொரு ஹாலாகப் போவோம். முதலில் திரை முழுக்க வெறும் வெள்ளையை விடச் சொல்வார். வெளிச்சம் அளக்கும் மீட்டரை வைத்து நடுவிலும் மூலைகளிலும் பார்ப்பார். பிறகு மீட்டரை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய் உட்காருவார். நடு சீட்டில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முன்வரிசையின் இடது ஓரம், கடைசி வரிசையின் வலது ஓரம், தூணுக்குப் பக்கத்து சீட். "நடு சீட்ல உக்காந்தா எல்லா தியேட்டரும் நல்ல தியேட்டர்தான்" என்பார்.

கடைசியாகத் திரையில் வெறும் கருப்பை விடச் சொல்வார். அதாவது மெஷின் ஓடும், படம் கருப்பு. பேன்ட் பாக்கெட்டிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்துக்கொள்வார். கண் இருட்டுக்குப் பழகும்வரை பேசாமல் இருப்பார். கைக்குட்டை இருக்கும் இடமே தெரியாமல் போனால் எழுந்துகொள்வார். தெரிந்தால், எங்கிருந்தோ வேண்டாத வெளிச்சம் வருகிறது என்று அர்த்தம். கதவிடுக்கோ, படிக்கட்டு விளக்கோ, யாரோ மாட்டிவைத்த ஒளிரும் பெயர்ப்பலகையோ, கண்டுபிடித்து மூடும்வரை எங்களை விடமாட்டார்.

தியேட்டர் முதலாளியை நாங்கள் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். தெற்கத்திக்காரர். கீழ் மாடிகளில் அவருடைய ஜவுளிக்கடையும் நகைக்கடையும், மேல் மாடிகளில் தியேட்டர். அவருக்கு சினிமாமேல் பெரிய மோகம் கிடையாது. இடம் சும்மா கிடக்கக் கூடாது, அவ்வளவுதான். ஆனால் நல்ல மனுஷர். கடைநிலை ஊழியரைக்கூட வாங்க, போங்க என்றுதான் பேசுவார். என் மகளின் பரீட்சை எப்போது என்பது என்னைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கும்.

ஒரு வருடம் பெரிய ஹாலைப் புதுப்பிக்க முடிவு செய்தார். வரிசைகளைக் குறைத்து, காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும் சீட்டுகள், சுவருக்குச் சுவர் புதுத் திரை. எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெயிண்ட் வாங்கும் நாள் வரும்வரை. ராயப்பன் சார் சுவருக்கும் கூரைக்கும் பளபளப்பில்லாத கருப்பு வேண்டும் என்றார். அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"கருப்பா? என்ன சார் சொல்லுதிய? புதுசா ஒரு காரியம் தொடங்குத எடத்துல கருப்பு அடிக்கச் சொல்லுதியளே! நம்ம கடய ராத்திரி பூட்டுனாக்கூட உள்ள ஒரு லைட்டு எரியும் பாத்துக்கிடுங்க. சனம் வெளிச்சத்தப் பாத்துல்லா உள்ள வரும்."

"இது தியேட்டர் அண்ணாச்சி. சனம் இருட்டத் தேடித்தான் வருது" என்றேன் நான்.

"வாரவுகளுக்கு இருட்டாக்கிக்கிடுங்க, வேண்டாங்கல. செவுத்த ஏன் இருட்டாக்கணும்?"

ராயப்பன் சார் எழுந்துகொண்டார். வெளியே வந்து, "அவர் சுவர் விமலா, அவர் இஷ்டம்" என்றார். எனக்குக் கொதித்தது. சாருக்கும் கொதித்திருக்கும், ஆனால் அவர் கொதித்தால் ஆவி வெளியே தெரியாது.

திறப்பு விழாவன்று உள்ளே நுழைந்த சேகர் வாசலிலேயே நின்றுவிட்டார். "இன்னா மேடம் இது, தியேட்டரா நகக்கடையா?" சுவர் முழுக்க இளமஞ்சள், நடுநடுவே தங்க நிறத் தகடு, கூரையில் தங்கப் பூ. வெளியேறும் கதவுக்கு மேலே பிள்ளையார், அவருக்கு ராப்பகலாக எரியும் ஒரு சிவப்பு பல்பு. வந்த ஜனங்கள் வாயைப் பிளந்தார்கள். அத்தனை பேரும் செல்ஃபி எடுத்தார்கள். செல்ஃபி எடுக்க சென்னையிலேயே அதைவிட நல்ல தியேட்டர் கிடையாது. படத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் மட்டும் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன்.

இதில் என்ன கேடு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரையில் விழும் வெளிச்சம் அங்கேயே நின்றுவிடுவதில்லை. அறைக்குள் திரும்பி வரும். சுவர் கருப்பாக இருந்தால் விழுங்கிவிடும். வெளுப்பாக இருந்தால் மறுபடி திரைமேலேயே கொண்டுபோய்க் கொட்டும். பட்டப்பகலில் நடக்கும் படத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. இரவுக் காட்சி வந்தால் கருப்பெல்லாம் வெளுத்துச் சாம்பலாகிவிடும்.

அப்படி ஒரு படம் கார்த்திகை மாதத்தில் வந்து சேர்ந்தது.

தயாரிப்பாளர் அண்ணாச்சியின் ஊர்க்காரர். ஒளிப்பதிவாளர் குமரேசன் என்ற இளைஞர், அவருக்கு அதுதான் முதல் படம். படத்தில் பாதிக்குமேல் ராத்திரி. ரிலீஸுக்கு முன்னால் ஒரு தடவை எல்லோருமாகப் பார்த்துவிடலாம் என்று எங்கள் புது ஹாலைக் கேட்டார்கள். அன்றைக்கு நான் விடுப்பில் இருந்தேன். மறுநாள் வந்தால், என் அறை வாசலில் குமரேசன் நிற்கிறார். முந்தின ராத்திரி தூங்கியிருக்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"மேடம், நேத்து உங்க ஹால்ல எதுவுமே தெரியல. நான் எடுத்தது இது இல்ல. ஸ்டுடியோல பாத்தப்ப எல்லாம் இருந்துச்சு."

தயாரிப்பாளர் படம் முடிந்ததும் லாபியில் எல்லார் முன்னாலும், "தம்பி, ரேடியோ நாடகம் கேட்ட மாதிரி இருந்துச்சுப்பா" என்று சொன்னாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அடுத்த படமும் உனக்குத்தான் என்று சொல்லியிருந்தவர், அதற்கு வேறு ஆள் பார்க்கப்போவதாகவும் அங்கேயே சொல்லிவிட்டார். குமரேசன் கெஞ்சிக் கேட்டதில், வியாழக்கிழமை விநியோகஸ்தர்கள் பார்க்கும்போது இன்னொரு முறை பார்க்கச் சம்மதித்திருக்கிறார்.

"வேற தியேட்டர்ல போடச் சொல்லலாமே?" என்றேன்.

"சொன்னேன் மேடம். 'இவ்வளவு செலவு பண்ணி இழைச்ச தியேட்டர்லயே தெரியலன்னா வேற எங்க தெரியும்'னு கேக்கறாரு. வியாழக்கிழமையும் இப்படியே தெரிஞ்சா நான் அவ்வளவுதான். இருட்டா எடுக்கறவன்னு பேர் விழுந்துட்டா இந்த ஃபீல்டுல எவனும் கூப்பிட மாட்டான்."

அவர் குரல் உடையவில்லை. உடைந்திருந்தால்கூட எனக்குத் தேவலை. எங்கள் சுவர் செய்த வேலைக்கு அந்தப் பிள்ளை பழி சுமப்பதை என்னால் தாங்க முடியவில்லை.

சேகரை அழைத்துக்கொண்டு மெஷின் அறைக்குப் போனேன். முதல் கோளாறு அங்கேயே கிடைத்தது. முந்தின நாள் காலையில் பிள்ளைகளின் முப்பரிமாணப் படம் ஒன்று ஓடியிருக்கிறது. அதற்காக லென்ஸுக்கு முன்னால் மாட்டும் கண்ணாடியை யாரும் கழற்றவில்லை. அது வெளிச்சத்தில் பாதிக்குமேல் குடித்துவிடும்.

"அய்யய்யோ, அது என் ஷிப்ட் இல்ல மேடம்" என்றார் சேகர், நான் கேட்பதற்கு முன்பே.

கழற்றினோம். விளக்கு சீக்கிரம் தேயக் கூடாதென்று வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருந்தார்கள், அதையும் ஏற்றினோம். மெஷின் அறைக்கும் ஹாலுக்கும் இடையிலுள்ள கண்ணாடியில் புதுப்பிப்பு வேலையின்போது படிந்த தூசியைத் துடைத்தோம். வெள்ளை பளிச்சென்று வந்தது. ராயப்பன் சார் மீட்டரைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு குமரேசன் கொண்டுவந்த காட்சியைப் போட்டோம்.

"பளிச்சுனுதான் கீது மேடம். ஆனா கருப்பு கருப்பாவே இல்லியே. அடுப்புச் சாம்பலாட்டம் கீது" என்றார் சேகர்.

ராயப்பன் சார் வெறும் கருப்பை விடச் சொன்னார். கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து மடியில் கைக்குட்டையை விரித்தார். படம் போட்டிருந்த நேரத்தில் சுவர் ஜொலித்தது போக, கருப்பு ஓடும்போதுகூடப் பிள்ளையாரின் சிவப்பு பல்பு தங்கத் தகடுகளில் பட்டு அறை முழுக்கப் பரவியிருந்தது. கைக்குட்டையின் இஸ்திரி மடிப்புவரை தெரிந்தது.

"இன்னொரு தடவை பாத்துடலாமா சார்?" என்று கேட்டேன்.

அவர் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார். "வேண்டாம்மா. மோசமா இருக்கு" என்றார்.

அவர் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டது அந்த ஒருமுறைதான். பயமாகவே இருந்தது.

சுவருக்குப் பெயிண்ட் அடிக்க நேரமில்லை. அடித்தாலும் வாடை போகாது. துணியால் மூடலாம். கருப்புத் துணி, அதுவும் ஹால் சுவரை மூடும் அளவுக்கு. எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே படியிறங்கி வந்தவள், கீழே ஜவுளிக்கடையைத் தாண்டும்போது நின்றுவிட்டேன். கார்த்திகை மாதம். வாசலிலிருந்து உள்சுவர்வரை ஐயப்ப பக்தர்களுக்கான கருப்பு வேட்டிகள், கருப்புத் துண்டுகள், இன்னும் வெட்டாத கருப்புத் துணி உருளைகள், குவித்து வைத்திருந்தார்கள்.

அண்ணாச்சியிடம் யார் கேட்பது? ராயப்பன் சார் சொன்னார்: "நீங்க கேளுங்க விமலா. நான் பக்கத்துல நிக்கறேன்."

அண்ணாச்சியும் மாலை போட்டிருந்தார். அதை நான் யோசித்தே வைத்திருந்தேன். மாலை போட்டவர் கோபப்படக் கூடாது, யாரையும் கடிந்து பேசக் கூடாது. மற்ற மாதமாக இருந்தால் நான் இதைக் கேட்டிருக்கவே மாட்டேன். கல்லாவுக்குப் பின்னால் கருப்பு வேட்டியும் நெற்றி நிறைய விபூதியுமாக உட்கார்ந்திருந்தார்.

"வாங்கம்மா. வாங்க சாமி" என்றார். மாலை போட்டால் எல்லா ஆணும் அவருக்குச் சாமி. ராயப்பன் சார் கைகூப்பினார்.

விஷயத்தைச் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் பிழைப்பு எங்கள் சுவரில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்றேன். அண்ணாச்சியின் முகம் சிவந்தது. கை மாலையைப் பிடித்துக்கொண்டது.

"அம்மா, நான் இப்பம் கோவப்படக் கூடாது. ஆனா நீங்க கேக்குதது நாயமா? அம்புட்டு செலவு பண்ணி இழைச்ச செவுத்த கருப்புத் துணியப் போட்டு மூடணுங்கிய. எழவு வீடு மாதிரில்லா இருக்கும்? கருப்பு நம்ம எடத்துக்கு ஆகாதும்மா."

"சாமி, நீங்க இடுப்புல கட்டியிருக்கறது என்ன நிறம்?"

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். பக்கத்தில் துணி அளந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார்.

"இது விரதம்லா" என்றார் அண்ணாச்சி, மெதுவாக.

"மேல இருக்கற ஹாலுக்கும் ஒரே ஒரு நாள் விரதம்னு வச்சுக்கோங்க. ஆடம்பரம் எல்லாத்தையும் மூடிட்டு ஒரு நாள் அடக்கமா இருக்கட்டும்."

ராயப்பன் சார் இருமினார். சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணாச்சி பக்கத்திலிருந்த ஒரு கருப்பு வேட்டியை எடுத்து விரித்துப் பார்த்தார். பிறகு, "ஆணி அடிக்கக் கூடாது. கிளிப்பு போட்டுத்தான் மாட்டணும். ஒரு வேட்டிலயும் ஓட்ட விழக் கூடாது. வித்தாவணும்" என்றார்.

"பிள்ளையார்?"

"அவருக்கு என்னம்மா?"

"அவரு லாபில இருந்தா வர்றவங்க எல்லாரும் கும்பிட்டுட்டு உள்ள வருவாங்க. உள்ள இருட்டுல அவர யாரு பாக்கறா?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்" என்றார் அண்ணாச்சி. பிள்ளையார் அன்றைக்கே லாபிக்குக் குடிபோனார். இன்றும் அங்கேதான் இருக்கிறார்.

வியாழக்கிழமை விடிந்ததும் வேலையை ஆரம்பித்தோம். வெளியே மழை. ஜவுளிக்கடை ஆட்கள் மேலே வந்தார்கள். பொம்மைக்குப் புடவை சுற்றிப் பழகிய கைகள், கொசுவம் வைத்து அடுக்கடுக்காக மாட்டிக்கொண்டே போனார்கள். திரைக்குப் பக்கத்துச் சுவர்தான் முக்கியம் என்று சொல்லி அங்கே உருளைத் துணியை இரட்டையாகப் போடவைத்தேன். முன்பக்கத்துக் கூரையின் குறுக்கே கயிறு கட்டி அதில் துணியைப் பரப்பினோம். ராயப்பன் சார் ஒவ்வொரு கதவாகப் போய், துணி வழியை மறைக்கிறதா என்று இழுத்து இழுத்துப் பார்த்தார், தீயணைப்பான்களைக் கைக்கெட்டும் இடத்தில் வைக்கச் சொன்னார். வேலை முடிந்ததும் கருப்பை விட்டு, கைக்குட்டையை விரித்தார். பின்பக்கத்துத் தங்கத் தகடு மட்டும் லேசாக மினுங்கியது. கைக்குட்டை தெரியவில்லை.

தயாரிப்பாளர் உள்ளே வந்ததும், "என்னப்பா, பஜனையா?" என்று கேட்டார். விநியோகஸ்தர்கள் சிரித்தார்கள். குமரேசன் சிரிக்கவில்லை. விளக்கு அணைந்தது.

நான் உட்காரவில்லை. கதவோரம் நின்றுகொண்டேன். படம் முடியும் தறுவாயில் கதவு மெல்லத் திறந்தது. அண்ணாச்சி.

"மாலை போட்டிருக்கேன், படம் பாக்கக் கூடாது. வேட்டிய என்ன செஞ்சு வச்சிருக்கியன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று காதோரம் சொன்னார். சொல்லிவிட்டு, வேட்டியைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார்.

அது கடைசிக் காட்சி. புயலில் கரண்டு போன வீடு. சாகக் கிடக்கும் அப்பாவின் பக்கத்தில் மகள், நடுவில் ஒரு சிம்னி விளக்கு. விளக்கு அணைகிறது, அவர் மூச்சும் அடங்குகிறது. அதன்பிறகு அறையில் எதுவும் தெரியாது. ஜன்னல் வழியாக வரும் கொஞ்சம் வெளிச்சத்தில் அவள் கன்னத்தின் ஓரம் மட்டும் ஒரு கோடாகத் தெரியும். அந்தக் கோடு நடுங்கும். அவள் அழுகிறாள் என்பதை அதிலிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் திரையில் அந்தக் கோடு தெரிந்தது. சுற்றிலும் இருட்டு இருட்டாகவே இருந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கு அழுகை வந்தது, சொல்வதற்கு வெட்கமில்லை. அண்ணாச்சி தோளில் கிடந்த கருப்புத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

விளக்கைப் போட்டதும் தயாரிப்பாளர் எழுந்து வந்து குமரேசனைக் கட்டிக்கொண்டார். "தம்பி, தப்பாச் சொல்லிட்டேன். உன் மேல குத்தம் இல்ல. அடுத்த படம் நீதான்." குமரேசன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த ஒரு நிமிடம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

தயாரிப்பாளர் பேச்சை முடிக்கவில்லை. சுவர்களைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"ஆனா பாருங்க, இப்பத்தான் விஷயம் எனக்கு வெளங்குது. தியேட்டர் சரியில்லன்னா இந்தப் படம் தெரியாது. அடுத்த வெள்ளிக்கிழமை ஊர் பூரா ரிலீசு. ஒவ்வொரு தியேட்டரா போய் வேட்டி கட்ட முடியுமா? பேசாம படத்தையே வெளுத்துருவோம். ராத்திரி சீனெல்லாத்தையும் ஏத்தி விடச் சொல்லுங்க."

"சார், அது படத்தக் கொல்றது சார்" என்றேன். என் வேலை எல்லையைத் தாண்டிப் பேசுகிறேன் என்று தெரிந்தேதான் சொன்னேன்.

"நீங்கதானம்மா இப்ப நிரூபிச்சுக் காட்டுனிய" என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது சரிதான்.  குமரேசனைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "சரி சார்" என்றார். அடுத்த படம் இப்போதுதான் கைக்கு வந்திருக்கிறது. வேறு என்ன சொல்வார்?

பொதுமக்கள் வரும் காட்சிக்குத் துணி ஆகாது, தீப்பொறி பட்டால் என்ன ஆவது என்று ராயப்பன் சார் அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிட்டார். வேட்டிகள் கீழே போய், ஒரு ஓட்டையும் இல்லாமல் விற்றுப்போயின. படத்தை அவசர அவசரமாக வெளுத்தார்கள். ஆனாலும் சொன்ன வெள்ளிக்கிழமை முடியவில்லை, ரிலீஸ் தள்ளிப்போனது. அதற்குள் அண்ணாச்சி மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிவிட்டார்.

ரிலீஸ் அன்று காலைக் காட்சி. ஹால் நிறைந்திருந்தது. குமரேசன் ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்திருந்தார். அண்ணாச்சி வெள்ளை வேட்டியில், முழுப் படத்தையும் பார்க்கிறேன் என்று சொல்லி என் பக்கத்தில் உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தது. ராத்திரியெல்லாம் மேகம் மூடிய பகல்போல இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

கடைசிக் காட்சி வந்தது. சிம்னி விளக்கு அணைந்தது. அணைந்த பிறகும் அறை நன்றாகத் தெரிந்தது. கட்டில் தெரிந்தது, கட்டிலில் செத்துப்போன பெரியவர் தெரிந்தார். வெறும் உடம்போடு கிடந்த அவருடைய வயிறு ஏறி இறங்கியது.

"டேய், பொணம் மூச்சு வுடுதுடா!" என்று முன்வரிசையில் ஒருவன் கத்தினான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு. அடங்குவதுபோல அடங்கி, வயிறு மறுபடி ஏறும்போது மறுபடி எழுந்தது. மகள் அழுதுகொண்டிருந்ததை யாரும் பார்க்கவில்லை. குமரேசனின் அம்மா மகன் பக்கம் திரும்பி, "ஏன்பா சிரிக்கறாங்க?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

நானும் எழுந்தேன். அண்ணாச்சி என் பின்னாலேயே லாபிக்கு வந்தார். கோபத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

"அன்னைக்கு நான் பாத்தப்பம் அந்தப் பெரியவரு செத்துல்லா போனாரு? இன்னைக்கு எப்பிடிம்மா மூச்சு விடுதாரு?"

"அன்னைக்கும் விட்டாரு அண்ணாச்சி. இருட்டு மறச்சு வச்சிருந்துச்சு."

அண்ணாச்சி கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். திரை வெளிச்சத்தில் தங்கத் தகடுகள் ஜொலித்தன. சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. கதவைச் சாத்தினார்.

"பெயிண்டர வரச் சொல்லுங்க. மேல, கீழ, சுத்தி எல்லாம் கருப்பு அடிச்சிருங்க. தகட்டயும் பேத்து எடுங்க."

எத்தனையோ நாள் நான் கேட்க ஏங்கிய வார்த்தை. அதைக் கேட்டதும் லிஃப்டை நோக்கி ஓடினேன். குமரேசன் அம்மாவை உள்ளே ஏற்றிவிட்டுத் தானும் ஏறியிருந்தார். நான் கதவில் கையை வைத்து நிறுத்தினேன்.

"குமரேசன், அண்ணாச்சி ஒத்துக்கிட்டாரு. ஹால் பூரா கருப்பு அடிக்கப் போறோம். உங்க அடுத்த படம் வரும்போது இங்க ராத்திரி ராத்திரியாவே தெரியும்."

அவர் கொஞ்சமும் முகம் கோணாமல், மரியாதையாகச் சொன்னார்: "அடுத்த படம் பூரா பகல்தான் மேடம். நானே கேட்டு மாத்திக்கிட்டேன்."

நான் கையை எடுத்தேன். லிஃப்ட் கீழே போனது.